பீரங்கி அளந்த பூமி

கடலூருக்கு ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு சின்னக் குழப்பம் காத்திருக்கிறது. ஊர் ஒன்று, ஸ்டேஷன் இரண்டு. பாடலீசுவரர் கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் போகிறவர்கள் திருப்பாதிரிப்புலியூரிலேயே இறங்கிவிடுவார்கள். வண்டியில் பாதி காலியாகிவிடும். அதைப் பார்த்து நீங்களும் அவசரப்பட்டு மூட்டை முடிச்சுகளை இறக்கிவிடாதீர்கள். இன்னும் கொஞ்ச தூரம் போனால் கடலூர் துறைமுகம் ஜங்ஷன் வரும். அங்கே இறங்கினால்தான் முதுநகர்.

பெயரிலேயே ஊரின் வயசு தெரிகிறது அல்லவா? வெள்ளைக்காரர்கள் இதை 'ஓல்டு டவுன்' என்றார்கள். உள்ளூர்க்காரர்கள் 'ஓ.டி.' என்று இரண்டே எழுத்தில் காரியத்தை முடித்துவிடுகிறார்கள். ஒரு பக்கம் உப்பனாறு. அதில் வரிசை வரிசையாக மீன்பிடி படகுகள். காற்றில் உப்பு வாடையும் மீன் வாடையும். பழைய துறைமுக ஊர்களுக்கே உரிய ஒரு தூங்குமூஞ்சித்தனம் இதற்கும் உண்டு. ஆனால், இந்த ஊர் பார்த்த சண்டைகளைக் கேட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது!

சண்டைக் கதை சொல்லவா இவ்வளவு தூரம் அழைத்து வந்தாய் என்று கேட்காதீர்கள், நேயர்களே! சண்டைக்கு நடுவே சில மனிதர்கள் என்ன செய்தார்கள் என்பதே நம்முடைய கதை. "உன்னைப் போலவே அயலானையும் நேசி" என்று சொல்கிற ஒரு மதம், பீரங்கி ஏற்றிய கப்பல்களில் இந்தக் கரைக்கு வந்தது. வந்தபிறகு அது யார் பக்கம் நின்றது? பீரங்கியின் பக்கமா, அயலானின் பக்கமா? முதுநகரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் உள்ள இந்தச் சின்னக் கடலோரத்தில் அந்தக் கேள்விக்கு இரண்டுவிதமான பதிலும் கிடைக்கிறது.

"அது கிறிஸ்தவர்களுடைய விஷயம்; நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்தக் கேள்வி இந்த ஊருக்குப் பழையது. திருநாவுக்கரசரைக் கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் தள்ளச் சொன்னான் பல்லவ மன்னன். அந்தக் கல்லே தெப்பமாகி அவர் கரை சேர்ந்த இடம் இதுதான் என்கிறார்கள். கரையேறவிட்டகுப்பம் என்று ஓர் இடமே இங்கே இருக்கிறது. அதிகாரம் கையில் இருப்பவன் கல்லைக் கட்டுகிறான். நம்பிக்கை உள்ளவன் என்ன செய்வது? இது எல்லா மதத்தாருக்கும் பொதுவான கேள்வி.

புனிதர் பெயரில் ஒரு கோட்டை

முதலில் ஒரு வேடிக்கையான கிரயப் பத்திரத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

நாம் வீட்டு மனை வாங்கினால் சங்கிலி பிடித்து அளப்போம்; நான்கு எல்லை எழுதுவோம்; அக்கம்பக்கத்தாரைச் சாட்சிக்கு அழைப்போம். 1690-ம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கே ஒரு கோட்டையை வாங்கினார்கள். விற்றவர்கள் அப்போது செஞ்சியில் இருந்த மராத்தியர்கள். வாங்கியவர் சென்னையில் கவர்னராக இருந்த எலிஹு யேல். அமெரிக்காவிலுள்ள யேல் சர்வகலாசாலைக்குப் பெயர் கொடுத்த அதே யேல்தான். கோட்டையைச் சுற்றியுள்ள நிலத்தை எப்படி அளந்தார்கள் தெரியுமா? கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டார்கள். குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அவ்வளவு தூரமும் கம்பெனிக்கு!

அப்படிக் குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்று பெயர் வந்துவிட்டது. குண்டு உப்பலவாடி என்ற ஊரை இன்றும் நீங்கள் பார்க்கலாம். கடலூரில் குண்டுசாலை என்று ஒரு சாலையும் உண்டு. அந்த ஊர்களில் குடியிருந்து, உழுது, பயிர் செய்து, பிள்ளை பெற்று வாழ்ந்த ஜனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொழுது விடிந்தபோது அவர்கள் மராத்தியருடைய பிரஜைகள். குண்டு விழுந்தபிறகு கம்பெனியின் பிரஜைகள்.

யேலின் பூர்விகம் வேல்ஸ் தேசம். ஆகவே, அந்நாட்டு மக்கள் கொண்டாடும் புனிதரின் பெயரைக் கோட்டைக்கு வைத்தார்கள்: செயிண்ட் டேவிட் கோட்டை. ஜபதபங்களில் காலம் கழித்த ஒரு துறவியின் பெயர் பீரங்கி மேட்டுக்கு வந்துவிட்டது! சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் 1746-ல் பிடித்துக்கொண்ட பிறகு சில வருஷங்கள் இந்தக் கோட்டையே சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்குத் தலைநகரமாக இருந்தது. தேவனாம்பட்டினத்தில், கெடிலம் கடலோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் அதன் மிச்சங்கள் இருக்கின்றன. மாலையில் வெள்ளிக் கடற்கரைக்குப் போகிறவர்கள் ஒரு நடை அந்தப் பக்கமும் போய் வரலாம்.

பறித்துக் கொடுத்த கோயில்

முதுநகருக்குச் சீர்திருத்தக் கிறிஸ்தவர்களின் மிஷன் 1737-ல் வந்தது. தரங்கம்பாடியில் வேலை செய்துவந்த ஜெர்மன் பாதிரிமார்களின் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே இங்கும் வந்தார்கள். அந்தக் காலத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் இவர்களை 'ஐயர்' என்று அழைத்தார்கள் என்பதைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால், மரியாதையோடு அழைத்த பெயர் அது.

1740-ல் வந்து சேர்ந்தவர் கீர்நாண்டர் ஐயர், ஸ்வீடன் தேசத்தவர். 1749-ல் அவருக்கு ஒரு கோயில் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது? ரோமன் கத்தோலிக்கர்கள் பிரெஞ்சுக்காரர்களுக்கு உளவு சொல்கிறார்கள் என்று கம்பெனியார் சந்தேகப்பட்டார்கள். கத்தோலிக்கக் குருமார்களை ஊரைவிட்டு அனுப்பினார்கள். அவர்களுடைய கோயிலை எடுத்துக் கீர்நாண்டர் கையில் கொடுத்துவிட்டார்கள்.

சகோதரிகளே, சற்று நினைத்துப் பாருங்கள். அந்தக் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றி, நோயாளிக் குழந்தைக்காக வேண்டிக்கொண்ட பெண்களுக்கு அன்று எப்படியிருந்திருக்கும்? யாரோ இரண்டு ராஜாக்களுக்குள் பகை. அதற்காக இவர்களுடைய சாமி வீடு கைமாறிவிட்டது. வாங்கிக்கொண்டவரும் அதே இயேசுவைக் கும்பிடுகிறவர்தான்!

பீரங்கியின் தயவால் வந்தது பீரங்கியின் தயவு இருக்கும் வரைதான் நிற்கும். 1758-ல் லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி கடலூரைப் பிடித்தார்; செயிண்ட் டேவிட் கோட்டையை இடித்துத் தள்ளினார். கீர்நாண்டர் இருந்ததை விட்டுவிட்டுத் தரங்கம்பாடிக்குப் போனார்; அந்த வருஷமே கல்கத்தாவுக்குக் கப்பலேறினார். பதினெட்டு வருஷ வேலை அதோடு கலைந்தது.

கெரிக்கே ஐயர் செய்த காரியம்

கோயில் போனது, மனிதர்கள் போய்விடவில்லை. 1767-ல் கெரிக்கே என்ற இளைஞர் ஜெர்மனியிலிருந்து வந்து முதுநகரில் தங்கினார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயசு. பள்ளிக்கூடம் நடத்தினார், சுற்று வட்டாரத்து ஊர்களுக்கெல்லாம் போய் வந்தார். பதினைந்து வருஷம் இப்படிக் கழிந்தது. அதற்குப் பிறகு வந்தது சோதனை.

1782 ஏப்ரலில் பிரெஞ்சுக்காரர்களும் அவர்களோடு சேர்ந்திருந்த ஹைதர் அலியின் படையும் கடலூரை வளைத்துக்கொண்டார்கள். ஆங்கிலேயர் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டார்கள். அந்நாளில் ஓர் ஊர் விழுந்தால் என்ன நடக்கும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. குதிரைப்படை உள்ளே புகுந்தால் பானை சட்டிகூட மிஞ்சாது. பெண்களின் கதியைச் சொல்லவே வேண்டாம்.

கெரிக்கே ஐயர் ஓடவில்லை. பிரெஞ்சுத் தளபதியிடம் போனார். ஊரை ஹைதரின் குதிரைப்படையிடம் ஒப்படைத்துவிடாதீர்கள் என்று மன்றாடினார். கையில் வாள் இல்லை. பின்னால் பட்டாளம் இல்லை. பதினைந்து வருஷமாக அந்த ஜனங்களுக்கு நடுவில் குடியிருந்தவர் என்ற ஒரே தகுதிதான் இருந்தது. அந்த மன்றாட்டு பலித்தது. ஊர் தப்பியது.

ஆங்கிலேய அதிகாரிகள் சிலரைத் தம்முடைய வீட்டிலேயே அவர் ஒளித்தும் வைத்தார். கண்டுபிடித்தால் அவர் தலை தப்பாது. அவருடைய கோயிலை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் அதை வெடிமருந்துக் கிடங்காக்கினார்கள். ஞானஸ்நானத் தொட்டி இருக்க வேண்டிய இடத்தில் மருந்துப் பீப்பாய்கள்!

"ஒளித்துவைத்தவர்கள் கம்பெனி ஆட்கள்தானே? பாதிரியார் கம்பெனியின் நிழலில் வாழ்ந்தவர்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், வென்றவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். தோற்றவனுக்குக் கதவைத் திறப்பதால் அன்றைக்கு அவருக்கு ஒரு காசு லாபம் கிடையாது, நஷ்டம்தான் உண்டு. கீர்நாண்டருக்குக் கிடைத்த கோயிலையும் கெரிக்கே இழந்த கோயிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது வேதத்துக்குப் பொருத்தம் என்பது தானாக விளங்கும்.

அடுத்த வருஷம் இன்னும் பெரிய அநியாயம் நடந்தது. 1783 ஜனவரியிலேயே ஐரோப்பாவில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சமாதான உடன்படிக்கைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். சேதி கப்பலில் வர வேண்டுமே! அது வந்து சேருவதற்குள் ஜூன் 13-ந் தேதி கடலூருக்கு வெளியே இரு தரப்பாரும் மோதினார்கள். ஒரே நாளில் ஆயிரம் பேருக்கு மேல் மாண்டும் காயம்பட்டும் விழுந்தார்கள். இந்தியச் சிப்பாய்கள் இரண்டு பக்கத்திலும் இருந்தார்கள். முடிந்துபோன சண்டைக்காகச் செத்தவர்கள் அவர்கள்.

முன்னூறு ரூபாய்

இந்தச் சமயத்தில் சுவார்ட்ஸ் ஐயரையும் சொல்லிவிட வேண்டும். தஞ்சாவூர்ப் பெரியவர் என்று எல்லாரும் அறிந்த அவர் 1750-ல் இந்தியாவில் முதன்முதலாகக் காலெடுத்து வைத்த இடம் இந்தக் கடலூர்தான்.

1779-ல் சென்னைக் கவர்னர் அவரை ஹைதர் அலியிடம் தூது அனுப்பினார். சமாதானம் உண்டாகட்டும் என்ற ஆசையில் சுவார்ட்ஸ் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போனார். ஹைதர் மரியாதையாக நடத்தி வழிச்செலவுக்கு முன்னூறு ரூபாய் கொடுத்தார். திரும்பி வந்ததும் சுவார்ட்ஸ் அதை அப்படியே கவர்னரிடம் வைத்துவிட்டார். "நீரே வைத்துக்கொள்ளும்" என்றபோது அநாதைப் பிள்ளைகளின் படிப்புக்கு அதை ஒதுக்கினார்.

சமாதானம் என்னவோ வரவில்லை. அடுத்த வருஷமே யுத்தம் மூண்டது. நல்ல மனிதரின் வார்த்தையை முன்னால் அனுப்பிவிட்டு, பின்னால் அரசாங்கம் தன் இஷ்டப்படி நடந்துகொண்டது. பிறகு பஞ்சம் வந்தது. தஞ்சைக் கோட்டைக்குள் ஜனங்கள் பட்டினியால் விழுந்தார்கள். வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. ஏற்றி வரக் காளைகள் இருந்தன. ஆனால், கூலி கொடுக்காமல் ஏமாற்றப்பட்டிருந்த குடியானவர்கள் வர மறுத்தார்கள். ராஜாவின் பேச்சையும் நம்பவில்லை. கம்பெனியின் பேச்சையும் நம்பவில்லை. "நான் கொடுக்கிறேன்" என்று சுவார்ட்ஸ் சொல்லி அனுப்பிய பிறகே காளைகள் வந்தன. சொன்னபடி கூலியும் போய்ச் சேர்ந்தது.

பெரிய உபதேசம் ஒன்றும் இல்லை, பாருங்கள். வேலை வாங்கினால் கூலி கொடுப்பது. சொன்னால் சொன்னபடி செய்வது. அந்தக் காலத்தில் அதுவே அதிசயமாக இருந்தது!

வீட்டுக்குள்ளே இருந்த பகை

அநியாயம் எல்லாம் கோட்டையிலும் கப்பலிலும்தான் இருந்தது என்று நினைக்கக் கூடாது. கோயிலுக்குள்ளும் இருந்தது.

கடலூரிலிருந்து மேற்கே பண்ருட்டிப் பக்கம் போகும் வழியில், நெல்லிக்குப்பத்துக்கு அருகே மேல்பட்டாம்பாக்கம் என்ற ஊர் இருக்கிறது. 1860-களில் அங்கே வந்து குடியேறியவர் ஆக்ஸ் என்ற ஜெர்மன் பாதிரியார். அவர் தம்முடைய பழைய மிஷனைவிட்டு வெளியேறி வந்தவர். காரணம் ஜாதி. ஞானஸ்நானம் பெற்ற பிறகும் 'நீ அந்தப் பக்கம் உட்கார், நான் இந்தப் பக்கம் உட்காருகிறேன்' என்று ஜனங்கள் பிரிந்து உட்கார்ந்தார்கள். மெல்ல மெல்ல மாறட்டும் என்று மேலிடத்தார் பொறுத்துக்கொண்டார்கள். ஆக்ஸுக்குப் பொறுக்கவில்லை. ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்று வாயால் சொல்லிவிட்டுப் பந்தியில் பிரிப்பதா என்று கேட்டார். வெளியே வந்துவிட்டார்.

பெத்தானியா என்று தம் இடத்துக்குப் பெயர் வைத்தார். பிறகு டென்மார்க் தேசத்து மிஷன் சங்கம் அவருக்குத் துணை வந்தது. இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்கு அதுவே வித்து. ஆக்ஸ் நினைத்ததெல்லாம் நடந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களிடையே ஜாதி இன்னும் போய்விடவில்லை. சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூடச் சுவர் இருந்திருக்கிறது. கேள்வி கேட்ட மனிதர் தோற்றாலும் கேள்வி தோற்பதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பரங்கிப்பேட்டையில் ஒரு சேவா மந்திர்

இனி மறுபடியும் ரயிலேறுவோம். முதுநகரிலிருந்து தெற்கே ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டினால் பரங்கிப்பேட்டை. சாலை வழியே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். வெள்ளாறு கடலில் விழும் இடத்தில் இருக்கிற இந்த ஊருக்குப் போர்ச்சுகீசியரால் வந்த பெயர் அது. ஹைதரும் ஆங்கிலேயரும் 1781-ல் பெரிய சண்டை போட்ட இடமும் இதுதான். மரக்கலம் ஓட்டி வாணிகம் செய்த முஸ்லிம் குடும்பங்கள் நிறைந்த ஊர்.

இங்கே, 'சேவா மந்திர்' என்று நம் நாட்டுப் பெயரோடு ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அதை ஆரம்பித்தவர் டென்மார்க்கில் பிறந்த ஒரு கிறிஸ்தவப் பெண்மணி. பெயர் ஆனி மேரி பீட்டர்ஸன்.

1878-ல் பிறந்த இந்த அம்மாள் 1909-ல் மிஷன் ஊழியத்துக்காகத் தமிழ்நாட்டுக்கு வந்தார். டென்மார்க்கில் க்ருண்ட்விக் என்ற பாதிரியாரின் யோசனையால் ஏற்பட்ட 'மக்கள் பள்ளிகள்' உண்டு. பரீட்சைக்காகப் படிக்காமல், தாய்மொழியில், தங்கள் நாட்டுப் பாட்டையும் சரித்திரத்தையும் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் படிப்பதற்காக ஏற்பட்டவை. அந்தக் காற்றைச் சுவாசித்து வளர்ந்தவருக்கு இங்கே மிஷன் பள்ளிகளில் இங்கிலீஷ் பாட்டும் இங்கிலீஷ் பழக்கமும் நடமாடுவதைக் கண்டு மனம் சமாதானப்படவில்லை.

1917-ல் அவரும் எஸ்தர் ஃபேரிங் என்ற இளம் டேனிஷ் பெண்ணும் அகமதாபாத்துக்குப் போய்க் காந்திஜியின் ஆசிரமத்தைப் பார்த்தார்கள். அப்போது காந்திஜி தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பி இரண்டு வருஷந்தான் ஆகியிருந்தது. சம்பாரண் சத்தியாக்கிரகம்கூட ஆரம்பமாகவில்லை. அந்தச் சந்திப்பு இரண்டு பெண்களின் வாழ்க்கையையும் திருப்பிவிட்டது. எஸ்தரைக் காந்திஜி மகளாகவே பாவித்தார். பல வருஷங்கள் கடிதம் எழுதினார். அந்தக் கடிதங்கள் பின்னால் ஒரு புத்தகமாகவே வந்திருக்கின்றன.

மிஷன் மேலிடத்துக்கு இந்தச் சிநேகம் பிடிக்கவில்லை. அதற்கும் காரணம் இருந்தது. முதல் மகாயுத்தத்துக்குப் பிறகு, ஆங்கிலேயரல்லாத வெளிநாட்டுப் பாதிரிமார்கள் அரசாங்கத்துக்கு விசுவாசமாக நடந்துகொள்வதாக உறுதி கூற வேண்டியிருந்தது. அரசாங்க மானியமும் மிஷன் பள்ளிகளுக்கு வந்துகொண்டிருந்தது. இந்த நிலையில்தான் 1919-ல் ஜாலியன்வாலா பாக்கில் துப்பாக்கி வெடித்தது. சுவர்கள் சூழ்ந்த மைதானத்தில் சிக்கிக்கொண்ட நிராயுதபாணிகள் செத்து விழுந்தார்கள். "கொலை செய்யாதிருப்பாயாக" என்று சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்கிற ஆசிரியை என்ன செய்வாள்? மானியத்தை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பதா?

ஆனி மேரி வாயை மூடிக்கொள்ளவில்லை. மானியம் வாங்குகிற கை கட்டுப்பட்ட கை என்பதை உணர்ந்தார். மிஷனைவிட்டு விலகினார். விலகுவதென்றால் சாதாரணமா? நாற்பது வயசைத் தாண்டிய, தனித்து வாழும் ஒரு பெண். சொந்த ஊரோ ஏழு கடலுக்கு அப்பால். சம்பளம், இருக்க வீடு, வயோதிகத்தில் ஆதரவு என்று இருந்த எல்லாவற்றையும் விட வேண்டும். தாம் செய்யப் போவதைக் காந்திஜிக்கு எழுதினார். அரசாங்கத்தின் காசு இல்லாமல், இந்தியக் கிறிஸ்தவப் பெண்களுக்கு ஒரு தேசியப் பள்ளி நடத்த ஆசை என்று தெரிவித்தார். காந்திஜி அந்தக் கடிதத்தைத் தமது 'யங் இந்தியா' பத்திரிகையில் வெளியிட்டார்.

1921 செப்டம்பரில் காந்திஜி பரங்கிப்பேட்டைக்கே வந்து கட்டடத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். அதற்குச் சில நாட்களுக்குப் பிறகு மதுரையில் அவர் மேல்சட்டையைத் துறந்து முழங்கால் வேட்டி கட்டிக்கொண்டது உங்களுக்கெல்லாம் தெரிந்த சரித்திரம். ஆக, நாமறிந்த அந்த ஏழைக் கோலத்தை மேற்கொள்வதற்கு முன் அவர் கல் நாட்டிய கடைசிக் கட்டடங்களில் ஒன்று இந்தப் பெண்கள் பள்ளி!

எஸ்தர் ஒரு மலையாள டாக்டரை மணந்து எஸ்தர் மேனன் ஆனார். அவருக்கும் இந்தப் பள்ளியோடு நெடுநாள் உறவு இருந்தது. டென்மார்க்கிலிருந்த நண்பர்கள் தங்களால் ஆனதை அனுப்பினார்கள். ஆனி மேரி தம் மதத்தை விட்டுவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். இயேசுவிடம் அவருக்கிருந்த பக்தி கடைசி வரை குறையவில்லை. மதம் மாற்றும் விஷயத்தில் காந்திஜிக்கும் பாதிரிமார்களுக்கும் அபிப்பிராய பேதம் இருந்தது உலகறிந்த சேதி. இருந்தும் இவர்களுடைய நட்புக்கு அது குறுக்கே நிற்கவில்லை. 1951-ல் ஆனி மேரி காலமானார். கப்பலில் வந்து நாற்பத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. தாம் பாடுபட்டுத் தேடிய சுதந்திரத்தை அவர் கண்ணால் பார்த்துவிட்டே போனார்.

முஸ்லிம்கள் நிறைந்த ஊர், கிறிஸ்தவப் பெண்மணி, வடமொழிப் பெயர், குஜராத்தி வைணவர் நாட்டிய கல். இதைவிட நல்ல கலவை வேறு எங்கே கிடைக்கும்?

சிதம்பரத்தில் கேட்ட பதில்

இன்னும் கொஞ்ச தூரத்தில் சிதம்பரம். நடராஜ தரிசனத்துக்கு நான் வழி சொல்ல வேண்டியதில்லை. தரிசனம் முடிந்ததும் நந்தனார் பெயரில் உள்ள பள்ளிகளையும் ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள். அவற்றுக்கு வித்திட்டவர் சுவாமி சகஜானந்தர்.

1890-ல் ஆரணிப் பக்கத்தில், தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்த முனுசாமி என்ற சிறுவனே பிற்காலத்தில் சகஜானந்தர் ஆனார். சிறு வயசில் ஒரு மிஷன் பள்ளியில் படித்தார். கெட்டிக்காரப் பையன். நீ கிறிஸ்தவனாகிவிடு என்று வற்புறுத்தினார்கள். அவர் மறுத்தார். படிப்பை விட்டுவிட்டு வெளியேற நேர்ந்தது. கீர்நாண்டருக்குக் கோயில் கொடுத்தவர்கள் பீரங்கியைக் காட்டினார்கள். இங்கே ஏழைப் பையனுக்குப் புத்தகத்தைக் காட்டினார்கள். 'நான் சொல்கிறபடி வந்தால் உனக்கு உண்டு; இல்லாவிட்டால் இல்லை' என்ற தொனி இரண்டிலும் ஒன்றுதான்.

அந்தப் பையன் கசந்துபோய்விடவில்லை. துறவியானார், சிதம்பரத்துக்கு வந்தார். 1916-ல் நந்தனார் கல்விக் கழகத்தை ஆரம்பித்தார். தம்மைப் போன்ற குழந்தைகளுக்கு யாரிடமும் கைகட்டி நிற்காமல் படிப்புக் கிடைக்க வேண்டுமென்று 1959-ல் மறையும் வரை பாடுபட்டார். 'உள்ளே வராதே' என்று தடுக்கப்பட்ட நந்தனாரின் ஊரிலேயே, நந்தனாரின் பெயரிலேயே வாசலைத் திறந்துவைத்தார். 1927-ல் சிதம்பரத்துக்கு வந்த காந்திஜி, பிறரை வருத்தாமல் தம்மை வருத்திக்கொண்டே தடைகளை உடைத்த சத்தியாக்கிரகி என்று நந்தனாரைப் போற்றினார். ஆனி மேரி இயேசுவிடம் கற்ற பாடமும் அதுதான். இரண்டு பள்ளிகளுக்கும் நடுவே உள்ள தூரம் கொஞ்சந்தான்!

போய் வாருங்கள்

சென்னையிலிருந்து ராத்திரி வண்டி ஏறினால், முதுநகர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் மூன்றையும் இரண்டு நாளில் நிதானமாகப் பார்த்துவிடலாம். பரங்கிப்பேட்டைக்குப் பாசஞ்சர் வண்டியோ பஸ்ஸோதான் வசதி. வெயிலுக்குக் குடை அவசியம். குழந்தைகளை அழைத்துப் போனால் குண்டு கிராமத்துக் கதையைச் சொல்லுங்கள், கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். பிறகு, "அந்த ஊர்க்காரர்களை யாருமே கேட்கலையா, அம்மா?" என்று கேட்பார்கள். குழந்தைகளுக்கு நியாயம் சீக்கிரம் தெரிந்துவிடும்.

இன்றைக்கும் உலகத்தில் பீரங்கியால் எல்லை அளக்கிறவர்கள் இருக்கத்தான் இருக்கிறார்கள். நாம் போய் அவர்களை நிறுத்தவா முடியும் என்று பெருமூச்சு விடுகிறோம். கெரிக்கே ஐயராலும் யுத்தத்தை நிறுத்த முடியவில்லை. சுவார்ட்ஸ் ஐயராலும் முடியவில்லை. அவர்களால் முடிந்தது வீட்டுக் கதவைத் திறப்பதும், சொன்ன கூலியைக் கொடுப்பதும்தான். ஆனி மேரியால் முடிந்தது, வாயை அடைக்கிற காசை வேண்டாமென்று சொன்னது.

கதவும் கூலியும் காசும் நம்முடைய வீட்டிலும் இருக்கின்றன. பாத்திரம் தேய்க்க வருகிறவளுக்கு நாம் எந்தத் தம்ளரில் காபி கொடுக்கிறோம், பேசிய சம்பளத்தை எந்தத் தேதியில் கொடுக்கிறோம், பக்கத்து வீட்டில் அடிபடுகிற பெண் ராத்திரி வந்து தட்டினால் தாழ்ப்பாளைத் திறக்கிறோமா என்பதெல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும்.